பலன் சொல்லப்படாது

சனிக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அடுப்பில் பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. ஒரு கையால் அடுப்பைத் தணித்துவிட்டு இன்னொரு கையால் எடுத்தேன்.

“நித்யா அம்மாங்களா? நான் ஷாலினி அம்மா பேசறேன். பஸ் வந்துடுச்சா? ஸ்கூல்ல யாரும் ஃபோன் எடுக்க மாட்டேங்கிறாங்க.”

“எந்த பஸ்ங்க?”

“மேக்கேதாட்டு போன பஸ்தான். அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடும்னாங்களே.”

அந்த நொடிவரை என் மகள் பள்ளி மைதானத்தில் விளையாட்டு விழா ஒத்திகையில் இருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். காலையில் அவள் அப்பா அப்படிச் சொல்லித்தான் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். மேக்கேதாட்டு என்பது காவிரி பாறைகளுக்கு நடுவே நெரிந்து ஓடுகிற இடம். நித்யாவுக்கு அப்போது ஒன்பது வயது. பன்னிரண்டு முடியும்வரை தண்ணீர்க் கண்டம், ஆறு குளம் கிணறு எதன் பக்கமும் விடக்கூடாது என்று அவள் ஜாதகத்தில் எழுதியிருந்தது.

ரிசீவரை வைத்துவிட்டு நான் பள்ளிக்கு ஓடவில்லை. படியிறங்கிக் கீழ்வீட்டுக்கு ஓடினேன். அங்கே இருந்த மனிதரைப் பற்றி எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். ஏழு வருடம் ஆகிவிட்டது. மாலை வேளையில் தொலைபேசி அடித்தால் இன்னும் முதலில் கடிகாரத்தைத்தான் பார்க்கிறேன். அவரை நினைத்தால் அந்த மாலை வந்துவிடுகிறது, அந்த மாலையை நினைத்தால் அவர்.

பெங்களூர் ஈஜிபுராவில் நாங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தோம், அவரும் அவர் மனைவியும் கீழே. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திர வரைபடங்கள் போட்டுக்கொண்டிருந்தவர். ஆட்குறைப்பின்போது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்து, ஒரு கம்ப்யூட்டரும் தெரு முழுக்கக் கேட்கும்படி கிறீச்சிடுகிற ஒரு பிரிண்டரும் வாங்கினார். ஜன்னல் கம்பியில் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு தகரப் பலகையைக் கட்டினார். ‘கம்ப்யூட்டர் ஜாதகம் கணிக்கப்படும். பலன் சொல்லப்படாது.’

இரண்டாவது வரியை யாரும் நம்பவில்லை. ஏதோ பணிவுக்குப் போட்டிருக்கிறார், உட்கார்ந்து கேட்டால் சொல்லுவார் என்று நினைத்து வந்தார்கள். பிரிண்டர் நின்றதும் தாளைக் கிழித்து, ஓரத்துத் துளைப் பட்டைகளை நிதானமாகப் பிய்த்துவிட்டுக் கையில் கொடுப்பார். “இதுல என்ன சார் போட்டிருக்கு?” என்றால், “சூரியன், சந்திரன் எல்லாம் எங்க எங்க இருக்குன்னு போட்டிருக்கு” என்பார். “அதனால என்ன ஆவும்?” “அது எனக்குத் தெரியாதுங்க.” அவ்வளவுதான். அடுத்த ஆளைப் பார்ப்பார்.

அவர் மனைவிக்கு இது தீராத வயிற்றெரிச்சல். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டே, வந்தவர்கள் காதில் விழும்படி சொல்லுவார்: “எங்க வீட்டுக்காரரு பந்தியில எல போடுவாரு, தண்ணி தெளிப்பாரு, உப்புகூட வெப்பாரு. சோறு மட்டும் போட மாட்டாரு.”

உள்ளேயிருந்து பதில் வரும். “சோறு எங்க வேணா கிடைக்குது. கிழியாத எலதான் கிடைக்கல.”

அவர் கேட்கிற கேள்விகள்தான் எல்லாரையும் திணறடிக்கும். பிறந்த தேதியும் நேரமும் சொன்னால் போதாது. எந்த ஊர், அந்த ஊரில் எந்தப் பக்கம், நேரத்தை யார் பார்த்தது, எந்தக் கடிகாரத்தில் பார்த்தது. சுவர்க் கடிகாரமா, கைக்கடிகாரமா, ரேடியோவோடு சரிபார்த்ததா. ஒருமுறை நாற்பது வயது ஆள் ஒருவர், தாம் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே ஓடுகிற பேருந்தில் பிறந்ததாகச் சொன்னார். இவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“சூளகிரிக்கு இந்தாண்டையா, அந்தாண்டையா?”

“பொறந்தது நான் சார். ஜன்னல் வழியா வேடிக்கை பாத்துக்கினா இருந்தேன்?”

“அம்மா இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“கேட்டுட்டு வாங்க.”

அந்த ஆள் திட்டிக்கொண்டே போனார். ஆனால் அடுத்த வாரம் திரும்பி வந்து, சூளகிரியைத் தாண்டி ஒரு புளியந்தோப்பு வளைவு என்றார். நமது மனிதர் பள்ளிப் பிள்ளைகளின் அட்லஸை விரித்து, இரும்பு ஸ்கேலை வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அரை மணி நேரம் அளந்தார். வெறும் ஒரு வளைவுக்கு. அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது மொட்டைமாடியில். துணி எடுக்கப் போயிருந்தேன். மேற்கே வெள்ளி அப்போதுதான் தெரிந்திருந்தது. இந்தக் கட்டமெல்லாம் எப்படிப் போடுகிறீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன்.

“நம்ம ஏரியாவுல ஒரு வீட்ட எப்படிம்மா கண்டுபிடிக்கிறோம்? எத்தனாவது மெயின் ரோடு, அதுல எத்தனாவது கிராஸ் தெரு. மேலயும் அவ்வளவுதான். சூரியன் போற ரோடு ஒண்ணு இருக்கு, அதுதான் மெயின். அத பன்னெண்டு பங்கா வெட்டினா ராசி. வெள்ளி இப்ப அந்த ரோட்டுல எத்தனாவது கிராஸ்ல நிக்குதுன்னு பாத்துச் சொல்றேன். வேற ஒண்ணும் கிடையாது.”

“இதுல எதுக்கு சார் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க?”

“முதல் கிராஸ் எங்க ஆரம்பிக்குதுன்றதுல சண்ட. வெள்ளைக்காரங்க, பகலும் ராத்திரியும் சமமா இருக்கிற அன்னைக்கு மார்ச்சுல சூரியன் நிக்கிற எடத்துலேர்ந்து எண்றாங்க. அந்த எடம் கொஞ்சங்கொஞ்சமா நகந்துக்கினே இருக்கு. நம்மாளுங்க நட்சத்திரத்த வெச்சு எண்றாங்க. ரெண்டுக்கும் இருபத்து நாலு டிகிரி கிட்ட வித்தியாசம் வந்துடுச்சு. நம்மளுக்குள்ளயே வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம்னு ரெண்டு கட்சி.”

“அப்ப எது சரி?”

“எங்கேர்ந்து எண்ணினேன்னு சொல்லிட்டு எண்ணினா எல்லாம் சரி. சொல்லாம எண்ணினாதான் தப்பு.”

அவரிடம் வந்தவர்கள் எல்லாம் இப்படி ஒரு பதிலில் அடங்கிப் போகிறவர்கள் அல்லர். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தகப்பனார், ஏழாம் இடத்தில் இருந்த செவ்வாயை ஆறுக்குத் தள்ளச் சொல்லிக் கெஞ்சினார். ஏழில் இருந்தால் தோஷம், ஆறில் இருந்தால் இல்லை.

“ஸொல்ப, கொஞ்சமா அட்ஜஸ்ட் பண்ணுங்க சார். ஒரு கட்டம்தானே.”

“நான் அங்க வெக்கலீங்களே, தள்றதுக்கு.”

“கம்ப்யூட்டர்தானே சார், தட்டினா நகருது.”

“கம்ப்யூட்டர்ல நகருங்க. மேல?”

அந்தத் தகப்பனார் வேறு ஜோசியரிடம் போய்த் தள்ளிக்கொண்டார். நாலு மாதம் கழித்துக் கல்யாண லட்டோடு வந்தார். இவர் லட்டை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “மாப்பிள்ளை எங்க பொறந்தாரு?” என்று கேட்டார். பகையும் இல்லை, பரிகாசமும் இல்லை. அவருக்கு உண்மையிலேயே அது தெரிய வேண்டியிருந்தது.

நித்யாவின் ஜாதகத்தை அவரிடம் கொண்டுபோனது அவளுக்கு எட்டு வயதில். அதற்கு முன் அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். நான் குடியாத்தம் போயிருக்க வேண்டும். ஆபீஸில் விடுப்புக் கிடைக்காமல் தள்ளித் தள்ளிப் போய், டிசம்பரில் டிக்கெட் எடுத்திருந்த வாரத்தில் காவிரிக் கலவரம் வந்தது. தமிழ்நாட்டுப் பேருந்துகள் நின்றன. ஊரடங்கு. நாள் முந்தி வலி எடுத்து, போலீஸ்காரர் ஒருவரிடம் என் வயிற்றைக் காட்டி அனுமதி வாங்கி, பெங்களூரிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவள் பிறந்தாள். தேதியும் நேரமும் தொலைபேசியில் அப்பாவுக்குப் போயின. அப்பா எங்கள் குடும்ப ஜோசியரிடம் கொடுத்தார். எந்த ஊரில் பிறந்தது என்று அவர் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. முதல் பிள்ளை தாய்வீட்டில் அல்லாமல் வேறு எங்கே பிறக்கும்? குடியாத்தத்துக்குக் கணித்து எழுதிவிட்டார். சிம்ம லக்கினம், மீனத்தில் சந்திரன், அது எட்டாம் இடம். எட்டு என்பது ஆயுள், மீனம் என்பது தண்ணீர். அதனால் கண்டம்.

எட்டு வருடம் நான் அந்த ஒரு வரியோடு குடும்பம் நடத்தினேன். குளியலறையில் வாளி நிரம்பியிருந்தால் கதவைப் பூட்டினேன். மெரினாவுக்குப் போனபோது காரிலேயே அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் தேங்கினால் பள்ளிக்கு விடுப்பு. அவளும் முகம் கழுவும்போது குழாயிலிருந்து ஓர் அடி தள்ளி நின்று கைநீட்டித்தான் கழுவுவாள். அதைப் பார்த்து அவள் அப்பா சிரிப்பார். நான் திருப்திப்பட்டேன்.

கீழ்வீட்டுக்காரர் பழைய ஜாதகத்தைப் பார்த்தார். “குடியாத்தத்துல பொறந்துச்சா குழந்தை?”

“இல்ல சார், இங்கதான்.”

“இதுல குடியாத்தத்துக்குன்னா போட்டிருக்கு.”

அவர் தட்டத் தொடங்கினார். பிரிண்டர் கத்தியது. குடியாத்தமும் பெங்களூரும் கிட்டத்தட்ட நேர்கிழக்கு மேற்கு. பிறக்கும் நேரத்தில் கிழக்கே எழுகிற ராசிதான் லக்கினம், அங்கே எழுவது இங்கே எழ ஐந்து நிமிடம் பிந்தும். அவள் பிறந்த நேரத்தில் குடியாத்தத்தில் சிம்மம் எழத் தொடங்கிவிட்டது. பெங்களூரில் கடகம் இன்னும் முடியவில்லை, கடைசிப் பாகையில் நின்றது. கடகத்திலிருந்து எண்ணினால் சந்திரன் எட்டில் இல்லை, ஒன்பதில். ஒன்பதாம் இடம் பாக்கியம் என்று எனக்கே தெரியும்.

“அப்ப கண்டம் இல்லையா சார்?” என் குரல் எப்படி இருந்தது என்று அவர் மனைவி பிறகு சொன்னார், கீரையைக் கீழே வைத்துவிட்டாராம்.

“உக்காருங்க. பத்து பதிமூணுன்னு நேரம் எழுதினது யாரு?”

“நர்ஸ்.”

“எந்தக் கடிகாரம்?”

“கையில கட்டியிருந்தாங்க.”

“அது ரெண்டு நிமிஷம் மெதுவா ஓடியிருந்தா, இங்கயும் சிம்மம்தான்.”

“ஓடுச்சா?”

“யாருக்குத் தெரியும்? ஊரடங்குல ரேடியோ கேட்டு நேரம் சரிபண்ணியிருப்பாங்களா?”

“ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க சார்.”

அவர் ஒரே தாளில் இரண்டு கட்டங்களையும் அச்சடித்து, அடியில் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார். ‘இரண்டில் எது என்று கணக்கால் சொல்ல இயலவில்லை.’ பலன் ஏன் சொல்வதில்லை என்று அன்று நான் கோபத்தோடு கேட்டேன். “கணக்குல தப்பு பண்ணா மறுபடியும் போட்டுக்கலாம்மா. வாயால சொன்னத எங்க போயி திருத்தறது? எட்டு வருஷமா நீங்க ஒரு வார்த்தைய வெச்சுக்கினு படற பாட்ட கீழேர்ந்து கேட்டுக்கினுதான இருக்கேன்” என்றார். பிறகு, அதிகம் பேசிவிட்டது போல, பிரிண்டரின் மூடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அந்தத் தாளை வீட்டில் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில்தான் வைத்தேன். நல்லதை நம்பி ஏமாறுவதைவிடக் கெட்டதை நம்பி விழித்திருப்பது மேல் என்று எனக்குத் தோன்றியது, நான் எட்டாம் இடத்தை எடுத்துக்கொண்டேன். என் கணவர் ஒன்பதாம் இடத்தை எடுத்துக்கொண்டார். ஒரு வருடம் கழித்துப் பள்ளி அனுப்பிய சுற்றுலாத் தாளில் அவர் கையெழுத்துப் போட்டது இப்படித்தான்.

அந்தச் சுற்றுலாவுக்கு இரண்டு வருடம் கழித்துக் கீழ்வீட்டுக்காரர்கள் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் மகன் வாங்கிய ஃபிளாட்டுக்குப் போய்விட்டார்கள். பலகையை அவரே கழற்றினார். இப்போது இணையத்தில் நொடியில் ஜாதகம் வருகிறது. ஒருநாள் நானும் போட்டுப் பார்த்தேன். ஊர்ப் பெயர்கள் வரிசையாக விழுந்தன, குடியாத்தமும் இருந்தது. பலனும் பக்கம் பக்கமாக வந்தது. கடிகாரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் போய் நின்றபோது அவர் பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் என்னைப் பிடித்து உட்காரவைத்து வார்த்தை வார்த்தையாக வாங்கினார். நான் அவர் கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன், “கட்டத்தப் பாருங்க சார். இன்னைக்கு சந்திரன் எங்க இருக்கு, அவளுக்கு என்ன ஆவும்னு பாருங்க. இன்னைக்கு ஒரு நாள் சொல்லுங்க.”

“பஸ் எந்த வழியா வரும்? கனகபுரா ரோடுதானே?”

“தெரியல சார்.”

“எத்தன மணிக்குக் கிளம்பணும் அங்கேர்ந்து?”

“எனக்கு ஒண்ணுமே தெரியாது சார். அவ போனதே தெரியாது.”

“ஏங்க,” என்றார் அவர் மனைவி, “நல்லதா ஒரு வார்த்த சொன்னா வாய் தேஞ்சிடுமா?”

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு அட்லஸை எடுத்தார். கனகபுராவில் மெயின் ரோட்டை ஒட்டி, அவரோடு பீன்யாவில் வேலை பார்த்த ஒருவர் வீடு இருந்தது. அவருக்குத் தொலைபேசி போட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பள்ளிப் பேருந்து எதுவும் போகிறதா பார்க்கச் சொன்னார். பிறகு ஷாலினி அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டு, பேருந்தின் நிறம், கிளம்ப வேண்டிய நேரம் எல்லாவற்றையும் வாங்கினார். நான் மாடிக்கு ஓடி என் கணவரின் தொழிற்சாலைக்கு அடித்தேன். அவர் இரண்டாம் ஷிஃப்டில் இருந்தார். லைனுக்கு வந்து, “நீ பயப்படுவேன்னுதான் சொல்லல” என்றார். மாற்று ஆள் கிடைத்ததும் கிளம்பி நேராகப் பள்ளிக்கு வருவதாகச் சொன்னார்.

ஏழு மணிக்குமேல் கீழ்வீட்டுத் தொலைபேசி அடித்தது. கன்னடத்தில் பேசிவிட்டு வைத்தார்.

“மஞ்சள் பஸ் ஒண்ணு இப்பதான் கனகபுரா தாண்டுச்சு. முன்னாடி லைட்டு ஒண்ணுதான் எரியுதாம். அதான் மெதுவா வருது.”

“நித்யா இருக்காளா அதுல?”

“பஸ் கனகபுரா தாண்டிடுச்சு. அது தெரியும். உள்ள யாரு இருக்காங்கன்னு அவரால பாக்க முடியல.”

“இருக்கான்னு சொல்லுங்களேன் சார். சொன்னா என்ன கொறஞ்சிடுவீங்க?” நான் கத்தியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

அவர் ஸ்கேலை அட்லஸுக்குள் வைத்து மூடினார். “நான் சொன்னத நம்பி ஒரு மணி நேரம் நிம்மதியா இருப்பீங்க. பஸ் வந்து நின்னு, அவ இறங்கலன்னா?”

அவரை அப்போது வெறுத்தேன். அவர் சொன்னதில் பிழை இல்லாததாலேயே வெறுத்தேன். அவர் மனைவி என் முதுகைத் தடவிக்கொண்டே, “இந்த மனுஷனோட முப்பது வருஷம்” என்று மட்டும் சொன்னார்.

எட்டேகாலுக்குள் வராது, எட்டரைக்குமேல் ஆகாது என்று கணக்குப் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு பள்ளிக்கு நடந்தார். வழியில் குழி வந்த இடங்களில் கையைக் காட்டினார். பள்ளி வாசலில் இருபது முப்பது பேர் நின்றிருந்தார்கள். என் கணவர் இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை. டயர் வெடித்துவிட்டது என்றார் ஒருவர். ஒரு குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இன்னொருவர் ஆரம்பித்தார். நான் எதிரே பூட்டியிருந்த கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கூட்டத்தோடு நிற்காமல், பேருந்து நின்றால் அதன் கதவு எங்கே வரும் என்று பார்த்து, சற்றுத் தள்ளித் தனியாகப் போய் நின்றார்.

ஒற்றை விளக்கோடு பேருந்து திரும்பியது. கதவு சரியாக அவர் முன்னால் நின்றது. கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. குழந்தைகள் இறங்கினார்கள், ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும் குரல்கள். நான் எழுந்து, ஆட்களை விலக்கிக்கொண்டு, அவர் முதுகுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தேன்.

அவள் கடைசியில் இறங்கியவர்களில் ஒருத்தி. ஷூவைக் கையில் பிடித்திருந்தாள். பாவாடையின் ஓரம் சேறாகிக் காய்ந்திருந்தது. அவர் உயரமான மனிதர், நான் மறைந்திருந்தேன். அவளுக்கு அவர் மட்டும்தான் தெரிந்தார்.

“அங்கிள், நீங்க ஏன் வந்தீங்க? அம்மாவுக்குத் தெரிஞ்சிடுச்சா?”

“தெரிஞ்சிடுச்சு.”

“எதுவரைக்கும் தெரியும்?”

“மேக்கேதாட்டு வரைக்கும்.”

அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டாள். “தண்ணியில எறங்கினது?”

“அது எனக்கே தெரியாதே.”

“முட்டி வரைக்கும்தான் அங்கிள். கேட்டா, நான் கரையிலயே இருந்தேன்னு சொல்லிடுங்க.”